வானுக்குப் பாட்டு செட் போடப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்

மட்டக்களப்பில் வான் வைத்து ஹயர் ஓடுகிறவர்களுக்கும், சொந்தக் காருக்குக் குறைந்த செலவில் நல்ல செட் போட நினைக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. என்ன செய்தார்கள் என்பது தெரிந்தால் எந்தக் கடையிலும் நீங்கள் பிடித்துவிடலாம்.

என்னுடையது பழைய டொல்பின் வான். கதிர்காமம், கலியாண வீடு, கட்டுநாயக்கா என்று ஓடும். பழைய டெக், அதாவது முன்னால் பூட்டியிருக்கும் பாட்டுப் பெட்டி, கரகரத்தது, பென் ட்ரைவ் போட இடமும் இல்லை. 60,000 ரூபாய் சேர்த்துக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். டெக்கும் முன்கதவு ஸ்பீக்கர் இரண்டும் மாற்றினால் போதும் என்றுதான் சொன்னேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, “தம்பி, இந்தக் காசிக்கு 1800 வாட்ஸ் அம்பும் பேஸ் பெட்டியும் சேர்த்துத் தாறன்” என்றார். அம்ப் என்றால் ஸ்பீக்கருக்குப் போகும் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் பெட்டி. அந்த 1800இல் நான் விழுந்துவிட்டேன்.

“நீங்க டீ குடிச்சிட்டு வாங்க, ரெண்டு மணித்தியாலத்தில முடிச்சித் தாறன்.” நானும் போய்விட்டேன். நான் செய்த பெரிய பிழை அதுதான். திரும்பி வரும்போது எல்லாம் பூட்டி, பாட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. பில் கேட்டேன். “மறுகா தாறன் தம்பி, புத்தகம் முடிஞ்சி போச்சி.” கழற்றிய பழைய டெக்கையும் ஸ்பீக்கர்களையும் கேட்டேன். “அதெல்லாம் குப்பை” என்றார். காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. சனி பகலோடு வானை வீட்டில் நிறுத்தினேன். ஞாயிறு இரவு ஒரு மணிக்குக் கட்டுநாயக்கா ஹயர். ஆரையம்பதியில் ஒரு பொடியன், முதல் தடவையாகக் கட்டார் போகிறான். சாவியைத் திருப்பினால் டிக் என்ற சத்தம் மட்டும். பற்றரி செத்துக் கிடந்தது. போனில் அவனுடைய அம்மா, “மனே, எங்க நிக்கிறீங்க?” என்று கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. நல்ல காலம், தெரிந்த ஒருவர் தூக்கத்தில் இருந்து எழும்பித் தன் வானைக் கொண்டு போனார். பொடியன் விமானத்தைப் பிடித்துவிட்டான். எனக்கு ஹயர் போனது. அதைவிட, அந்தத் தாயின் முன்னால் சொன்ன சொல் போனது.

காலையில் வாகன வயரிங் செய்யும் ஓர் அண்ணனிடம் காட்டினேன். அவர் மீற்றரை வைத்து அளந்தார். வான் ஓஃப் ஆக இருக்கும்போதே 1.8 அம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. சாதாரணமாக 0.05ஐத் தாண்டக் கூடாது. 70 அம்பியர்-மணி (Ah) பற்றரி ஒன்றரை நாளில் வற்றியதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை. டெக்கின் மஞ்சள் வயர் எப்போதும் கரண்ட் வருவதற்கு, சிவப்பு சாவி போட்டால் மட்டும் வருவதற்கு. சாவி லைனைத் தேடிப் பிடிக்கப் பஞ்சிப்பட்டு இரண்டையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். அதனால் அம்பை எழுப்பும் நீல வயரும் இரவு பகலாக உயிரோடு இருந்திருக்கிறது.

அடுத்ததை அவர் காட்டியபோது எனக்கு உடம்பே குளிர்ந்துவிட்டது. பற்றரியில் இருந்து அம்புக்குப் போகும் தடித்த வயரில் பியூஸே இல்லை. பற்றரியில் இருந்து ஒன்றரை அடிக்குள் ஒன்று இருக்க வேண்டும். அந்த வயரை ரப்பர் வளையமும் போடாமல் தகரத் துளைக்குள்ளால் இழுத்திருந்தார்கள். மூன்றே நாளில் விளிம்பு பட்டு உறை பாதி அறுந்திருந்தது. செம்பு தகரத்தைத் தொட்டிருந்தால் பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியரை ஒரே மூச்சில் அந்த வயருக்குள் தள்ளியிருக்கும். வயர் பழுத்து எரியும். பின்னால் 14 பேர் இருந்து கதிர்காமம் போகிற வான் இது. பிள்ளைகளும் வருவார்கள்.

செம்பு என்றேன், அதுவும் இல்லை. அண்ணன் பிளேட்டால் ஓர் இழையைச் சுரண்டினார். உள்ளே வெள்ளை. செம்புப் பூச்சுப் பூசிய அலுமினியம். 4 கேஜ் என்று வயரின் தடிப்பை உறையில் அச்சடித்திருந்தது. உண்மையான 4 கேஜில் உலோகம் மட்டும் 21 சதுர மில்லிமீற்றர் இருக்கும். இதில் உறைதான் தடிப்பு, உள்ளே பென்சில் ஊசி அளவும் இல்லை.

அப்புறம் அந்த 1800 வாட்ஸ். அம்பின் பக்கத்தில் குத்தியிருக்கும் பியூஸைப் பாருங்கள் என்றார். 20 அம்பியர். வண்டி ஓடும்போது சுமார் 14 வோல்ட். பெருக்கினால் 280 வாட்தான் உள்ளே போகிறது, அதில் பாதியளவு சூடாகவே போய்விடும். கடையில் நின்றே ஒரு நிமிடத்தில் போடக்கூடிய கணக்கு, எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை விட்டுவிட்டு ஆர்எம்எஸ் (RMS), அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், என்று எழுதிய எண்ணைத் தேடுங்கள். அது எழுதாத சாமானை வாங்காதீர்கள். ஸ்பீக்கரில் இருந்த பெரிய ஜப்பான் கம்பனியின் பெயர் நகம் பட்டதும் ஸ்டிக்கராகக் கழன்று வந்தது.

கடைக்குத் திரும்பிப் போனேன். “வெளியில கழட்டிட்டீங்க, இனி வாரண்டி இல்லை” என்றார். பில் இல்லாமல் என்னத்தைக் கதைப்பது? கேட்டால் பில் கொடுக்க வேண்டியது கடைக்காரரின் கடமை என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. பில் கைக்கு வரும் முன் காசை நீட்டாதீர்கள்.

இப்போது அம்பும் பெட்டியும் இல்லை. டெக்கின் உள் அம்ப் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சுமார் 20 வாட் தருகிறது. உணர்திறன், அதாவது கொடுக்கும் வாட்டுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது, 92 டெசிபல் என்று எழுதிய ஸ்பீக்கர் இரண்டு வாங்கினேன். இந்த எண் 3 டெசிபல் கூடினால் அம்பின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம், செலவு இல்லாமல். கதவுத் தகரத்தில் இருந்த ஓட்டைகளை ஒட்டும் தாளால் அடைத்தோம். ஸ்பீக்கரின் பின்பக்கச் சத்தம் முன்னால் வந்து பேஸைத் தின்னாமல் நின்றது. பாட்டு இப்போதுதான் பாட்டாகக் கேட்கிறது.

கழற்றிய வயரை எறியவில்லை. கல்லடிப் பக்கம் வருகிறவர்கள் கேளுங்கள், சுரண்டிய இடத்தைக் காட்டுகிறேன். கடைக்குப் போகும் முன் ஒரு தடவை கையில் பிடித்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.