பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு: குளோன்சில்லா எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

கடலூரிலோ புதுச்சேரியிலோ கம்ப்யூட்டரை எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) மாட்டக் கொடுத்தால் பெரும்பாலும் வரும் பதில், "புதுசா விண்டோஸ் போட்டுடலாம் சார்." வீட்டு மெஷினுக்கு அது சரி. மஞ்சக்குப்பத்தில் டிடிபி சென்டர் வைத்திருப்பவருக்குச் சரிவராது. பாமினி ஃபாண்ட், டைப்ரைட்டர் கீபோர்டு, பேஜ்மேக்கர், டேலி, பிரிண்டர் செட்டிங் எல்லாவற்றையும் திரும்ப ஒழுங்குபடுத்த இரண்டு நாள் போகும். இருக்கிற விண்டோஸை அப்படியே புது டிஸ்க்குக்குத் தூக்கிப் போக இலவசமாகக் கிடைப்பது குளோன்சில்லா. தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் உருவான மென்பொருள்.

நகலெடுக்கும் வேலையில் இதைக் குறை சொல்ல முடியாது. டிஸ்க் முழுவதையும் வழித்தெடுக்காமல், ஃபைல் இருக்கும் இடங்களை மட்டும் எடுக்கும். 500 ஜிபி டிஸ்க்கில் 120 ஜிபிதான் நிரம்பியிருந்தால், ஒரு டிஸ்க்கை வெளியே யுஎஸ்பி 3.0 கேபிளில் மாட்டி நகலெடுக்க ஏறக்குறைய அரை மணி நேரம். கேபிளை யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் அதே வேலை ஒரு மணி நேரத்தைத் தொடும்; நீல நிற போர்ட்டைப் பார்த்துச் செருகுங்கள். 3.5 இன்ச் டிஸ்க்கென்றால் 12 வோல்ட் அடாப்டரும் வேண்டும்.

தகராறெல்லாம் நகலுக்கு முன்னும் பின்னும்தான். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதி நினைவை டிஸ்க்கில் எழுதிவிட்டுத் தூங்குகிறது. அந்த நிலையில் உள்ள டிரைவை குளோன்சில்லா தொட மறுக்கும். பவர் ஆப்ஷன்ஸில் அதை அணைத்து, சி டிரைவுக்குப் பிழை பார்க்கும் செக்டிஸ்க் ஒன்றை ஓட்டி, ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுக்க வேண்டும். விண்டோஸ் 11 என்றால், டிஸ்க்கைச் சங்கேதமாக்கிப் பூட்டும் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகியிருக்கலாம். அதை அணைத்து, டீக்ரிப்ட் முடியும்வரை பொறுங்கள். இல்லாவிட்டால் புது டிஸ்க் ரெகவரி கீ கேட்டு நிற்கலாம்.

குளோன்சில்லாவை ஏற்றிய பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை பூட் செய்தால் வருவது பழங்காலத்து எழுத்துத் திரை. மவுஸ் இல்லை, ஆரோ கீ, ஸ்பேஸ், டேப், என்டர் மட்டும்தான். டிவைஸ் டு டிவைஸ், பிகினர் மோட், லோக்கல் டிஸ்க் டு லோக்கல் டிஸ்க் என்று போக வேண்டும். அடுத்த இரண்டு திரைகள்தான் உயிர்நாடி: முதலில் மூல டிஸ்க், பிறகு இலக்கு டிஸ்க். டிஸ்க்குகளுக்குத் திரை காட்டும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பாதீர்கள், அடுத்த பூட்டில் அவை இடம் மாறலாம். மாடலையும் சீரியல் எண்ணையும் டிஸ்க்கின் லேபிளோடு ஒப்பிடுங்கள். மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க்கை நிரம்பிய டிஸ்க்கின் மேல் எழுதிவிடும். ஒய் அடிக்கச் சொல்லி ஒருமுறைக்கு இருமுறை கேட்பது அதற்காகத்தான். பலர் படிக்காமலேயே அடித்துவிடுகிறார்கள்.

இதன் பெரிய குறை: இலக்கு டிஸ்க் மூலத்துக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். 1 டிபியில் 90 ஜிபிதான் நிரம்பியிருந்தாலும் 500 ஜிபி எஸ்எஸ்டியைப் பார்த்தால் நின்றுவிடும். எக்ஸ்பர்ட் மோடில் வழி உண்டு; ஆனால் டிஸ்க்கின் பிரிவான பார்ட்டிஷனைச் சுருக்கிக் கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்குத்தான் அது. மற்றவர்கள் எஸ்எஸ்டி கம்பெனியே தரும் குளோனிங் மென்பொருளுக்குப் போவது நல்லது. பெரிய டிஸ்க்குக்குப் போனாலும் மிச்ச இடம் சும்மா கிடக்கும். சி டிரைவுக்கும் அந்த இடத்துக்கும் நடுவே ரெகவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருப்பதால் டிஸ்க் மேனேஜ்மென்டில் எக்ஸ்டெண்ட் வேலை செய்யாது. ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் மாற்றும் மென்பொருளில் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு சி டிரைவை இழுத்துக்கொள்ளலாம்.

முதல் பூட்டுக்கு முன் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் என்பதால் விண்டோஸ் குழம்பும். லினக்ஸ் என்றால் பார்ட்டிஷனின் அடையாள எண்ணான யுயுஐடி ஒன்றாக இருப்பதால் பழைய டிஸ்க்கையே சிஸ்டம் ஏறும் ரூட்டாக எடுத்துக்கொள்ளக்கூடும், கண்ணுக்கே தெரியாது. சாட்டா கேபிளில் மாட்டும் டிஸ்க்கிலிருந்து, போர்டிலேயே செருகும் என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு மாறினால் 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத் திரை வரலாம். புது டிஸ்க்குக்கான டிரைவர் பூட் நேரத்தில் ஏறாததுதான் காரணம். நகலெடுக்கும் முன்பே விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் செட்டிங்கில் சேஃப் பூட்டை டிக் செய்திருந்தால், ஒருமுறை சேஃப் மோடில் ஏறியதும் டிரைவர் பதிந்துகொள்ளும். பிறகு டிக்கை எடுத்துவிடலாம்.

நடுவில் கரண்ட் போனால் பயப்பட வேண்டாம். மூல டிஸ்க்கிலிருந்து படிக்க மட்டுமே செய்கிறது, அதற்கு எதுவும் ஆகாது. வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவுதான். நகல் அடிக்கடி எரர் காட்டினால் டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். அதில் சி5 (படிக்கத் தடுமாறும் செக்டர்கள்) எண் ஏறியிருந்தால் டிஸ்க்கே போகிற நிலை; குளோன்சில்லாவை விட்டுவிட்டு கெட்டுப்போகும் டிஸ்க்கிலிருந்து மீட்கும் டிடிரெஸ்க்யூவுக்குப் போங்கள். சி7 (தகவல் பரிமாற்றப் பிழை) மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள் கோளாறு. கடல் காற்று படும் ஊரில் சாட்டா முனை கறுத்துப்போவது சகஜம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, கேபிளை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.