ஊசியை எடுப்பதற்கு முன்பே கேட்டார்கள்

சுங்கை சிப்புட்டில் இருக்கும் இந்தக் கிளினிக்கைப் பற்றி எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் எங்கள் அம்மா மாதிரி கையில் போர்ட் (மருந்து ஏற்றுவதற்காக உள்ளே வைக்கும் சிறு கருவி) வைத்துக்கொண்டு புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள் தோட்டத்துப் பக்கம் இன்னும் இருப்பார்கள். அம்மாவுக்கு இடது மேற்கையில், தோலுக்கு அடியில் போர்ட். தொட்டால் சட்டை பொத்தான் போலத் தட்டுப்படும். அதிலிருந்து போகும் குழாய் இதயத்துக்குப் பக்கத்தில் போய் முடிகிறது.

போன வாரம் இரண்டு நாளாக வாந்தி, தண்ணீர்கூடத் தங்கவில்லை. முன்பு ஒருமுறை வேறோர் இடத்தில் போர்ட் இருக்கும் அதே கையில், முழங்கைக்குக் கீழே பிரானுலா (டிரிப் ஏற்றும் குழாய் ஊசி) குத்தி, கை வீங்கி, மூன்று நாள் வளையல் ஏறவில்லை. அதனால் பயந்துகொண்டேதான் போனோம்.

இங்கே மிஸ்ஸி (நர்ஸ்) ரப்பர் பட்டையை எடுப்பதற்கு முன்பே, "அம்மா, போர்ட் எந்தக் கையில? கார்டு இருக்கா?" என்று கேட்டார். பிரஷர் பார்த்ததும் வலது கையில்தான். போர்ட்டிலேயே டிரிப் ஏற்ற முடியாதா என்று கேட்டேன். அதற்கு ஹியூபர் என்ற தனி ஊசி வேண்டுமாம், சாதாரண ஊசி குத்தினால் மேலே இருக்கும் சிலிகான் கிழிந்து கசியுமாம், "அந்த ஊசி எங்ககிட்ட இல்ல" என்று நேராகச் சொன்னார். எனக்கு இது மிகவும் பிடித்தது. அதே கையில் இன்னொரு லைன் ஏன் வேண்டாம் என்பதை டாக்டர் சொன்னார்: அந்த நரம்பில் ஏற்கெனவே குழாய் கிடக்கிறது, ரத்தம் உறையலாம், கிருமி சேரலாம், வேறு வழியே இல்லாத அவசரத்தில் மட்டும்தான் அதை யோசிப்பார்களாம்.

அம்மாவின் வலது கை நரம்பு நூல் மாதிரி. மிஸ்ஸி வெந்நீரில் நனைத்த துண்டைச் சுற்றிப் பத்து நிமிடம் காத்திருந்தார். புறங்கையில் குத்தியது கிடைக்கவில்லை. "இன்னும் ஒரு தடவைதான், இல்லன்னா டாக்டரைக் கூப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டு, நீல நிற 22 கேஜ் ஊசியை முன்கையில் மெதுவாக நுழைத்தார், ரத்தம் எட்டிப் பார்த்தது, அம்மா மூச்சை விட்டார்.

குறை என்றால் படுக்கை இரண்டுதான், ஒரு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டியிருந்தது, வாந்தி எடுக்கிறவருக்கு அது கஷ்டம். கீமோ எடுப்பவருக்கு 38 டிகிரி காய்ச்சல் வந்தால் இங்கே வராமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். போர்ட் கார்டை மறக்காமல் எடுத்துப் போங்கள், ஞாயிற்றுக்கிழமை மூடியிருப்பார்கள்.