பார் வாசலில் சாவி யார் கையில்?

சென்னையில் ஒரு ஹோட்டல் பாரைக் கவனித்துக்கொள்கிறேன். குடித்தவர் வண்டி ஓட்டாமல் இருக்க எங்களால் செய்ய முடிந்தது மூன்று: மது கம்பெனிகளின் விழிப்புணர்வு போஸ்டர், கால் டாக்சி, ஆக்டிங் டிரைவர் (நம் காரையே ஓட்டிக்கொண்டுபோய் வீட்டில் விடும் வாடகை டிரைவர்). மூன்றையும் முயன்று பார்த்து ஆக்டிங் டிரைவருக்கு வந்து சேர்ந்தேன்.

போஸ்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பீர் கம்பெனியான ஹைனெகன் 2016-லிருந்து ஃபார்முலா ஒன் பந்தயங்களில் 'வண்டி ஓட்டுகிறீர்களா, குடிக்காதீர்கள்' என்று சொல்லி வருகிறது, நல்ல விஷயம்தான். ஆனால் நாலாவது பெக்கில் இருப்பவர் சுவரைப் படிப்பதில்லை, "நான் ஸ்டெடி" என்றுதான் சொல்வார். சட்டம் ஸ்டெடியா என்று பார்ப்பதில்லை, 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம். முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

டாக்சி மலிவு, சுலபம். சிக்கல் என்னவென்றால் கார் எங்கள் பார்க்கிங்கிலேயே நின்றுவிடும். காலையில் பிள்ளையை ஸ்கூலில் விடவேண்டும், வீட்டில் என்ன சொல்வது என்ற யோசனையில், டாக்சிக்காக வாசலில் நின்றவரே பத்து நிமிடத்தில் திரும்பி வந்து சாவி கேட்பார். விடிந்ததும் காரை எடுக்க வந்தாலும் ஆபத்து இருக்கிறது. அதே 100 மில்லி ரத்தக் கணக்கில் உடம்பு மணிக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம்தான் கரைக்கும், காபி குடித்தாலும் குளித்தாலும் அது வேகமாவதில்லை. நள்ளிரவில் 150 இருந்தவருக்குக் காலை ஆறு மணிக்கு இன்னும் 60 இருக்கும், அதாவது வரம்பைப் போல இரண்டு மடங்கு.

ஆக்டிங் டிரைவர் வந்தால் ஆளும் காரும் சேர்ந்தே வீடு போய்விடும். எனக்கு முடிவைத் தந்தது சாவிதான். சாவி ஏற்கெனவே வேலே பையனிடம் (வாசலில் காரை வாங்கி நிறுத்துபவன்) இருக்கிறது. "தரமாட்டேன்" என்று அவன் சொன்னால் சண்டை, சட்டையைப் பிடித்தவர்களும் உண்டு. "சார், டிரைவர் ரெடி, வண்டியை எடுத்துட்டு வர்றார்" என்றால் பெரும்பாலும் பேச்சே இல்லாமல் பின் சீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

செலவு? முதலில் பில்லில் சேர்த்தோம், அந்த வரியைப் பார்த்ததுமே வேண்டாம் என்றவர்கள் பலர். இப்போது பாதியை நாங்கள் ஏற்கிறோம். ராத்திரி வேளச்சேரியில் காரை விட்ட டிரைவர் திரும்பிவரவும் காசு வேண்டுமே! ஜப்பானில் 'டைகோ' என்று இதே வேலைக்கு இரண்டு பேர் வருவார்கள், ஒருவர் உங்கள் காரை ஓட்ட, மற்றவர் தங்கள் வண்டியில் பின்னாலேயே வந்து அவரைக் கூட்டிப்போவார். அங்கே 2007-லிருந்து, ஓட்டப்போகிறவர் என்று தெரிந்தே ஊற்றிக்கொடுப்பவருக்கும் தண்டனை உண்டு. அதனால் கடைக்காரரே போன் போட்டு டைகோவை அழைத்துவிடுவார். இங்கே கிளாஸ், குடை, கோஸ்டர் எல்லாம் இலவசமாகக் கொண்டுவரும் கம்பெனி ஆட்களிடம், அதற்குப் பதில் டிரைவர் பேட்டாவைக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இதுவரை யாரும் தரவில்லை. அவர்கள் பங்கு அங்கேதான் இருக்கவேண்டும், சுவரில் இல்லை.

பைக்கில் வருபவர்களுக்கு இந்த வழி சரிப்படாது. முழு போதையில் இருப்பவரைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டுவதும் ஆபத்துதான். அவர்கள் பைக்கை பேஸ்மென்டில் இலவசமாக நிறுத்திக்கொள்ளச் சொல்லி, ஆட்டோவில் அனுப்புகிறோம், மதியத்துக்கு அப்புறம்தான் சாவி. தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது, பலன் உண்டா என்று இப்போதே சொல்லமாட்டேன்.