ரங்கூன்ல இருந்து ஜோட்டேரோ குரூப் நடத்துற அனுபவம்: கரண்ட்டு, பேரு, 300 எம்பி

ஜோட்டேரோ பத்தி எழுதுறவங்க பெரும்பாலும் பிஎச்டி பண்றவங்க, தீசிஸ் முடிஞ்சதும் சாஃப்ட்வேரையும் மறந்துடுவாங்க. எங்க கதை வேற, எங்கள்ல ஒருத்தர் தவிர யாரும் யுனிவர்சிட்டி பக்கம் இல்ல. ரங்கூன்ல ஞாயித்துக்கிழமை தமிழ் கிளாஸ் எடுக்கற நானு, தட்டோன்ல ஒரு தம்பி, மோல்மேன்ல ரிட்டயர் ஆன ஒரு ஐயா, சென்னை வியாசர்பாடில பர்மாவுல இருந்து திரும்பிப் போன குடும்பத்துல பொறந்த ஒரு அக்கா, சிங்கப்பூர்ல படிக்கற என் பழைய மாணவி. பர்மா தமிழர் பத்தி எங்க எது கிடைச்சாலும், பழைய சர்க்கார் ரிப்போர்ட்டு, கோயில் மலரு, கல்யாணப் பத்திரிகை, கல்லறைக் கல்லு போட்டோ வரைக்கும், ஒரே இடத்துல சேத்து வெச்சு அதுல ஆளாளுக்கு தெரிஞ்சதை எழுதி வெக்கறோம். அதுக்குத்தான் சில வருஷமா ஜோட்டேரோ குரூப் லைப்ரரி ஓடுது.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா: அமெரிக்காவுல ஜார்ஜ் மேசன் யுனிவர்சிட்டில 2006-ல ஆரம்பிச்சது, ஓப்பன் சோர்ஸ், லாபம் பாக்காத அமைப்பு நடத்துது. புக்கு, கட்டுரை, பிடிஎஃப் எல்லாத்தையும் விவரத்தோட அடுக்கி வெக்கும், குரூப் வெச்சா எல்லாரும் ஒண்ணா அடுக்கலாம்.

இதுக்கு முன்னாடி ஃபேஸ்புக் குரூப்லயும் ஆன்லைன் டாக்குமெண்டுலயும்தான் காலம் தள்ளிட்டு இருந்தோம். 2021 பிப்ரவரில ராணுவம் ஆட்சியைப் புடிச்சதும் ஃபேஸ்புக்கை நிறுத்தினாங்க, அதே மாசம் விக்கிபீடியாவும் போச்சு, அப்புறம் எதைத் தொறக்கணும்னாலும் தடையைச் சுத்திப் போற விபிஎன், பிறகு அந்த விபிஎன்னுக்கும் ஆப்பு. நெட்டு ஒரு பக்கம்னா கரண்ட்டு இன்னொரு பக்கம், ஏ குரூப் பி குரூப்னு தெருவைப் பிரிச்சு நாலு மணி நேரம் குடுத்து நாலு மணி நேரம் புடுங்கின காலத்துல, ஆன்லைன்ல இருந்தா மட்டும் தொறக்கற டாக்குமெண்டை வெச்சு என்ன பண்றது சொல்லுங்க. ஜோட்டேரோல மொத்த லைப்ரரியும் உங்க கம்ப்யூட்டர்லயே ஒரு ஃபோல்டர்ல கெடக்கும். நெட்டு இல்லாம தேடலாம், படிக்கலாம், பிடிஎஃப்ல கோடு போடலாம், குறிப்பு எழுதலாம். தட்டோன் தம்பி வாரம் பூரா வீட்ல உக்காந்து எழுதிட்டு டவுனுக்கு வர்றப்ப ஒரு டீக்கடைல லேப்டாப்பைத் தொறந்தா, டீ ஆறறதுக்குள்ள சிங்க் ஆயிடும், அதாவது அவன் எழுதினது எங்களுக்கும் நாங்க எழுதினது அவனுக்கும் வந்து சேந்துடும். எங்களுக்கு இந்த ஒண்ணுக்காகவே மார்க் போடலாம், மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

ஆனா ஆஃப்லைன்ல பல பேர் வேலை பாத்தா ஒரு சிக்கல் இருக்கு. ஒரே ஐட்டத்துல ஒருத்தர் வருஷத்தைத் திருத்தி இன்னொருத்தர் ஊரைத் திருத்தினா அதுவே ரெண்டையும் சேத்துக்கும், பிரச்சனை இல்ல. ஒரே குறிப்புக்குள்ள ரெண்டு பேரு எழுதிட்டா மட்டும் ஒரு விண்டோ வந்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல காட்டி எது வேணும்னு கேக்கும், ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு போச்சு. மோல்மேன் ஐயா மொகல் தெருவுல, அதான் இப்ப ஷ்வே பொந்தா தெரு, எந்தக் கட்டடத்துல யாரு கிட்டங்கி, அதாவது செட்டியாருங்க தொழில் பண்ண இடம், இருந்துச்சுன்னு நினைவுல இருந்து நீளமா எழுதற ஆளு, அது போனா திரும்ப வராது. அதனால ஆளுக்கு ஒரு தனி குறிப்பு, தலைப்புல அவங்க பேரு, அடுத்தவங்க குறிப்புல யாரும் கை வெக்கக் கூடாதுன்னு ஆரம்பத்துலயே பேசி வெச்சுட்டோம். பிடிஎஃப்ல போடற மார்க்கிங்ல எழுதினவங்க பேரு தானா வந்துடும், ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் மாத்தவும் முடியாது, அது நல்ல ஏற்பாடு.

அந்த மார்க்கிங்குக்காகவே சொல்லணும். 1930-ல பர்மா பேங்கிங் விசாரணைக் கமிட்டி ரிப்போர்ட் ஒண்ணு வந்துச்சு, அதுல அங்க வட்டிக்குப் பணம் குடுத்த செட்டியாருங்களுக்குன்னே தனி அத்தியாயம் இருக்கு. அதை எல்லாரும் சேந்து படிச்சோம். அந்த வருஷம் கீழ் பர்மாவுல நெல்லு முக்கியமா விளையற 13 மாவட்டத்துல செட்டியாருங்க கையில இருந்த நெலம் சுமார் 6 சதவீதம், நெல்லு விலை விழுந்து கடன் திரும்பாம 1938-க்குள்ள அது சுமார் 25 சதவீதம் ஆயிடுச்சு. ஓரத்துல வியாசர்பாடி அக்கா எழுதுறாங்க, "நெலத்துக்கு ஆசைப்பட்டு யாரும் போகலப்பா, குடுத்த பணம் வரல, அதான்." அதுக்குக் கீழயே தட்டோன் தம்பி, "சரிதாங்கா, ஆனா அந்த நெலத்துல நாத்து நட்டது எங்க பாட்டன், அவருக்கு இந்தப் பக்கத்துல ஒரு வரி கூட இல்லையே." இது ஃபேஸ்புக்ல நடந்திருந்தா ரெண்டு நாள் சண்டை, மூணாவது நாள் பிளாக். இங்க ரெண்டு பேரும் அந்த வரிக்குப் பக்கத்துலயே பேசினதால அடுத்த தேடல் எங்க போகணும்னு தெரிஞ்சுது, இப்ப கூலிக்கு வந்தவங்க பத்தி தனியா ஒரு கலெக்‌ஷனே ஓடிட்டு இருக்கு.

பேரு விஷயம்தான் உசுர வாங்கினது. வெள்ளைக்காரன் பேரை மனசுல வெச்சு பண்ண டப்பா அது, குடும்பப் பேரு ஒரு கட்டம், சொந்தப் பேரு ஒரு கட்டம். நெட்ல இருந்து விவரத்தை இழுத்தா "செட்டியார், முத்து" "செட்டியார், ராமன்"னு வந்து நிக்கும், லிஸ்ட்ட எடுத்துப் பாத்தா செட்டியார்ங்கற ஒரே மனுஷன் ராத்திரி பகலா எழுதித் தள்ளின மாதிரி இருக்கும். பர்மாக்காரங்களுக்கு குடும்பப் பேரே கெடையாது, ஊ தாண்ட்ல "ஊ"ங்கறது மரியாதைக்குப் போடறது, அதைப் போயி "தாண்ட், ஊ."ன்னு திருப்பிப் போட்டா இங்க சின்னப் புள்ள கூட சிரிக்கும். வழி இருக்கு, பேரு கட்டத்துக்குப் பக்கத்துல குட்டியா ஒரு பட்டன், அதை அமுக்குனா ரெண்டு கட்டமும் ஒண்ணாயிடும், அட்டைல எப்படி இருக்கோ அப்படியே முழுப் பேரையும் போடலாம். தமிழ், பர்மியப் பேரு எல்லாத்துக்கும் ஒத்தைக் கட்டம்தான்னு முடிவு பண்ணதுக்கு அப்புறம்தான் லிஸ்ட்டு மனுஷன் படிக்கற மாதிரி ஆச்சு. புதுசா சேர்ற யாருக்கும் நான் முதல்ல காட்டறது இந்தப் பட்டனைத்தான்.

எழுத்துரு தொல்லை தனி. இங்க 2019 அக்டோபர் 1 அன்னைக்குத்தான் நாடே ஜோஜிங்கற பழைய பர்மிய எழுத்துருவை விட்டு உலகம் பூரா பொதுவான யூனிகோடுக்கு மாறுச்சு, அதுக்கு முன்னாடி பர்மியத்துல டைப் பண்ணது பாதி ஜோஜிலதான் கெடக்கு, தேடினா சிக்காது. தமிழ்ல நாமளும் லேசுப்பட்டவங்க இல்ல, யூனிகோடு இல்லாத பாமினிங்கற பழைய எழுத்துருல அடிச்ச ஃபைலு இன்னமும் வருது. ஸ்கேன் பண்ண பிடிஎஃப்பை ஜோட்டேரோ தானா படிச்சு எழுத்தாக்காது, படத்துல இருக்கற எழுத்தைப் படிக்கற டெசராக்ட்ங்கற இலவச சாஃப்ட்வேர்ல தமிழும் பர்மியமும் இருக்கு, அதுல போட்டு எடுத்துட்டு சேத்தா தேடலாம், ஆனா பழைய அச்சுக்கு தப்பு நெறைய வரும்.

காசு. குறிப்பு, விவரம் எவ்வளவு வேணா இலவசம், ஃபைலுக்கு மட்டும் 300 எம்பி. ஸ்கேன் பண்ண கோயில் மலரு நாலஞ்சு போட்டாலே ரொம்பிடும். 2 ஜிபி வேணும்னா வருஷம் 20 டாலர், பெரிய காசு இல்ல, ஆனா இங்க இருந்து டாலர்ல கட்டறதுங்கறது நடக்கற காரியமா. குரூப்போட ஃபைலு எல்லாம் அந்த குரூப் யாரு பேர்ல இருக்கோ அவங்க கணக்குலதான் ஏறும், அதனால சிங்கப்பூர் புள்ள பேர்ல குரூப், அவ காசு. அவளுக்கு நாளைக்கு வேலை, கல்யாணம்னு வந்தா? குரூப்பை வேற மெம்பர் பேருக்கு மாத்த முடியும், ஆனாலும் மொத்தச் சுமையும் ஒருத்தி தலைல நிக்கறது எனக்குப் பிடிக்கல. தனி லைப்ரரிக்கு வேற சர்வர் வெச்சுக்கலாம், குரூப்புக்கு அந்த வசதி இல்ல. காப்பிரைட் முடிஞ்ச பெரிய ஃபைலை எல்லாம் ஆர்க்கைவ் டாட் ஆர்க்ங்கற இலவச இணைய நூலகத்துல ஏத்திட்டு இங்க லிங்க் மட்டும் வெக்கறோம். 2024 அக்டோபர்ல ஹேக் ஆகி அந்த சைட்டே பல நாள் படுத்துச்சு, அதுல இருந்து பென்டிரைவ்லயும் ஒரு காப்பி.

இன்னொண்ணு, உங்க சொந்த லைப்ரரில இருந்து குரூப்புக்கு இழுத்துப் போட்டா அது தனி காப்பி. இதுல திருத்தினா அதுல திருந்தாது. நாங்க நேரா குரூப்லயே சேக்கறோம்.

ஓப்பன் ஓப்பன்னு எல்லாரும் சொல்றாங்க, எங்க ஊர்ல அது அவ்வளவு லேசு இல்ல. எங்க குரூப் பப்ளிக்தான், லிஸ்ட்டை யாரு வேணா பாக்கலாம், உள்ள சேர நாங்க சேத்தாதான் உண்டு. யாரு வேணா சேரலாம்னு தொறந்து விட்ட குரூப்ல ஃபைலே வெக்க விட மாட்டாங்க, காப்பிரைட் பயம், நியாயம்தான். ஆனா பீலிக்கான் கோயில் பக்கம் ஒரு ஆயா அவங்க அப்பாவோட பழைய வெளிநாட்டவர் பதிவு கார்டை எடுத்துக் காட்டி போட்டோ எடுத்துக்கச் சொன்னாங்க, எடுத்து முடிச்ச உடனே என் கையைப் புடிச்சு, "டீச்சரம்மா, பேரன் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கான், இதை வெளிய எங்கயும் போட்றாதீங்க தாயீ"ன்னாங்க. வெளிய இருந்து வந்தவங்க வம்சத்துக்கு முழுக் குடியுரிமையைக் கஷ்டமாக்கின 1982 குடியுரிமைச் சட்டத்துக்கு அப்புறம் ஒரு கார்டுக்கு இங்க என்ன மதிப்பு, என்ன பயம்னு வெளிய இருக்கறவங்களுக்குப் புரியாது. அதுமாதிரி எல்லாத்துக்கும் தனியா ஒரு பிரைவேட் குரூப், அதுல ரெண்டே பேரு, வீட்டுக்காரங்க சரின்னா மட்டும்தான் வெளிய வரும். எல்லாத்தையும் தொறந்து வெச்சாதான் ஆராய்ச்சின்னு வெளியூர்ல இருந்து ஒருத்தர் வகுப்பெடுத்தாரு, நான் கேட்டுக்கிட்டு சும்மா இருந்துட்டேன்.

போன் விஷயத்துல ரொம்ப காலம் காய விட்டாங்க, ஐபோனுக்கு ஜோட்டேரோ ஆப் 2022-லயே வந்துச்சு, இங்க எல்லார் கையிலயும் இருக்கற ஆண்ட்ராய்டுக்கு ரொம்ப லேட்டு. 2024-ல வந்த ஏழாவது வெர்ஷன் பாக்க நல்லா இருக்கு, பழைய லேப்டாப்ல கொஞ்சம் மூச்சு வாங்குது. கட்டுரை மேல ரைட் கிளிக் பண்ணா சட்டப்படி இலவசமா எங்கயாவது காப்பி இருக்கான்னு தேடிக் கொண்டு வர்றது யுனிவர்சிட்டி லாகின் இல்லாத எங்களுக்கு பெரிய உதவி.

நாலு பேரு நாலு ஊர்ல, நெட்டு வந்தும் வராமயும் இருக்கற இடத்துல சேந்து வேலை பாக்கணும்னா இதைத் தாராளமா எடுங்க. ஒரே ஊர்ல நல்ல நெட்டோட இருக்கறவங்களுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்ல. பெகு, மோல்மேன், டெல்டா பக்கம் யார் வீட்டுலயாவது பழைய கோயில் மலரு இருந்தா சொல்லுங்க, ஸ்கேனர் தேட வேணாம், வெளிச்சத்துல வெச்சு பக்கம் பக்கமா போன்ல எடுத்தா போதும். அட்டையையும் அச்சகம் பேரு போட்ட கடைசிப் பக்கத்தையும் மட்டும் விட்டுடாதீங்க, வருஷம் பெரும்பாலும் அங்கதான் ஒளிஞ்சிருக்கும்.