துவாஸிலேயே இருப்பதா, ஜோகூருக்குப் போவதா? ஒரு முலாம் பட்டறையின் கணக்கு

சுற்றுச்சூழல் விதிகள் இறுகிவிட்டன, மூடிவிட்டு எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூருக்குப் போய்விடலாம் என்ற பேச்சு சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் அடிக்கடி காதில் விழுகிறது. எங்கள் நிக்கல் முலாம் பட்டறையிலும் அந்தக் கேள்வி எழுந்தது. நானும் கூட்டாளியும் கணக்குப் போட்டுப் பார்த்து, இங்கேயே இருந்து கழிவுநீர்க் கருவிகளைப் புதுப்பிப்பது என்று முடிவெடுத்தோம். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

வாடகை, சம்பளம், இடவசதி எல்லாவற்றிலும் ஜோகூர்தான் மலிவு. அதில் வாதமில்லை. கரிம வரியைச் சிறு பட்டறைகள் காரணமாகச் சொல்ல வேண்டியதில்லை. வெளியிடும் கரிம வாயுவுக்கு 2026 முதல் டன்னுக்கு 45 வெள்ளி என்றாலும், ஆண்டுக்கு 25,000 டன் அல்லது அதற்கு மேல் வெளியிடும் ஆலைகள்தான் நேரடியாகக் கட்டுகின்றன. ஜூரோங் தீவின் பெரிய ரசாயன, எண்ணெய் ஆலைக்காரர்களுக்கு அது பெரிய கவலை. நமக்கு மின்கட்டணத்தில் யூனிட்டுக்குச் சுமார் 2 காசு.

அங்கே கழிவுநீர் விதி தளர்வு என்பதும் சரியில்லை. இங்கே பொதுக் கழிவுநீர்க் குழாயில் விடும் நீரில் நிக்கல் லிட்டருக்கு 10 மில்லிகிராம் வரை இருக்கலாம். மலேசியாவின் 2009 விதிப்படி ஆற்றில் விடுவதற்கு வரம்பு 1 மில்லிகிராம். குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்பக்கம் என்றால் 0.2. காஸ்டிக் சோடா ஊற்றி, நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 10 பக்கம் ஏற்றினால் நிக்கல் வெளிர்பச்சைக் கசடாக அடியில் படியும். அப்புறம் அமிலம் விட்டு 9க்குள் இறக்கி நீரை வெளியே விடுவோம். 10 மில்லிகிராமுக்கு இது போதும், 0.2 என்றால் கூடுதலாக இன்னொரு கட்டச் சுத்திகரிப்பு வேண்டியிருக்கும். 2019இல் ஜோகூரின் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டியதால் பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனார்கள். அந்த நாட்டின் சுற்றுச்சூழல் சட்டமும் சும்மா இருக்கவில்லை. 2024 திருத்தத்துக்குப் பின் உச்ச அபராதம் 10 மில்லியன் ரிங்கிட்.

எங்களை நிறுத்தியது மண். மூடினால் செலவு நின்றுவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தொழில் நிலங்களைக் குத்தகைக்கு விடும் அரசு அமைப்பான ஜேடிசியின் நிலத்தில் மாசு உண்டாக்கும் தொழில் நடத்தினால், குத்தகை தொடங்கும்போது மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்து அறிக்கை தர வேண்டும்; திருப்பித் தரும்போதும் அதே சோதனை. இடையில் கூடிய மாசை நாம்தான் அகற்ற வேண்டும். முலாம் தொட்டிகளின் அடியில் சிமெண்டுத் தரை வெடித்திருந்தால், ஆண்டுக்கணக்கில் சொட்டியது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது தோண்டினால்தான் தெரியும். கருவிக்கு விலைப்பட்டியல் வாங்கலாம், மண்ணுக்கு முன்கூட்டியே யாரும் விலை சொல்ல மாட்டார்கள். ஆக, விதிகள் நம்மை வெளியே தள்ளுவதைவிட, அவசரப்பட்டு வெளியேற விடாமல் பிடித்துவைப்பதுதான் அதிகம். அது நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. அடுத்து அந்த இடத்துக்கு வருபவர் நம் நிக்கலைச் சுமக்கக் கூடாது.

ஜோகூரில் நான் பட்டறை நடத்தியதில்லை. அங்கே சோதனைக்கு எத்தனை முறை வருகிறார்கள், நடைமுறை எப்படி என்பதை அங்குள்ளவர்களிடம்தான் கேட்க வேண்டும். குத்தகை முடியச் சில ஆண்டுகளே இருந்தாலும் எங்கள் கணக்கு பொருந்தாது. புதுக் கருவிக்குப் போட்ட முதல் திரும்பாது. அப்படிப்பட்டவர்கள் இப்போதே மண்ணைச் சோதித்து, அந்தச் செலவைத் தெரிந்துகொண்டு, அப்புறம் ஜோகூர் இடத்துக்கு முன்பணம் கொடுக்கட்டும்.