குழலில் புதிய ஒலிகள்: இணையத்தில் கற்றவை

யாழ்ப்பாணத்து இணுவிலில் இருந்துகொண்டு மூங்கில் குழலும், கைமாறி வந்த 'போம்' (Boehm) வகை உலோகக் குழல் ஒன்றும் (துளைகளைச் சாவிகளால் மூடித் திறக்கும் மேற்கத்தியக் குழல்) நான்கு ஆண்டுகளாக வாசித்துவரும் எனக்கு, ஒரே ஊதலில் இரண்டு சுரங்களை எழுப்புதல், நாவை உருட்டி ஊதுதல், இடையறாது மூச்சைச் சுழற்றி ஊதுதல் முதலிய நுட்பங்களைக் கற்க இணையத்தைத் தவிர வேறு வழி கிடைக்கவில்லை. பார்த்தவற்றுள் முதலிடத்தை அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக இசை ஒலியியல் தளத்துக்கும், அதனோடு சேர்ந்த 'வேர்ச்சுவல் புளூட்' சேவைக்கும் கொடுப்பேன்.

அந்தச் சேவையில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விரலமைப்புகள் கணிக்கப்பட்டுள்ளன. வேண்டிய சுரத்தையோ இரட்டைச் சுரத்தையோ குறிப்பிட்டால், அதற்குரிய விரலமைப்புகள் வந்துவிடும். கட்டணம் இல்லை, பெரும்பாலும் எழுத்தும் படமுமே என்பதால் டேட்டாவும் அதிகம் போகாது. ஆயினும் எனக்கு அதைவிடப் பயன்பட்டவை ஒலியியல் பக்கங்களே. குழலினுள் காற்று எந்தச் சுருதிகளில் தடையின்றி அசைகிறதோ அந்தச் சுருதிகளிலேயே குழல் பேசும் என்பதையும், ஒன்றுக்கொன்று மடங்காக அமையாத அத்தகைய இரண்டு சுருதிகளுக்கு ஒரு விரலமைப்பு இடந்தந்தால் இரண்டையும் சேர்த்து ஒலிக்கச் செய்யலாம் என்பதையும் வரைபடத்தோடு கண்ட பிறகுதான், என் பிழை விரலில் அன்று, உதட்டின் கோணத்திலும் ஊதும் வேகத்திலும் இருந்தது என்பது விளங்கியது. கீழ்ச்சுரத்துக்கும் மேற்சுரத்துக்கும் நடுவே உதட்டை மயிரிழை அளவு நகர்த்தி நகர்த்தி, இரண்டும் முதன்முதலாகச் சேர்ந்து கரகரத்த இரவில், "என்ன, குழல் வெடிச்சுப் போச்சோ?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டார்.

டச்சுக் கலைஞர் ரோஜியர் டி பைப்பர் நடத்தும் 'புளூட் கலர்ஸ்' தளம் இதற்கு நல்ல துணை; ஒலி எப்படி இருக்க வேண்டும் என்பதைக் காதால் கேட்டறிய அங்கே போகலாம். மாறாக, டொலரில் பணம் கட்டி நான் சேர்ந்த ஒரு காணொளி வகுப்பில் ஆசிரியரின் விரல்களே திரை முழுவதும் தெரிந்தன, வாய் ஒருமுறைகூட அருகில் காட்டப்படவில்லை. பெயர் வேண்டாம், பணம் போனது போனதுதான்.

மூங்கில் குழல்காரர் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். இந்த விரல் அட்டவணைகள் சாவிகள் கொண்ட குழலுக்கு உரியவை, நமது எட்டுத் துளைக் குழலுக்கு ஒத்துவராதவை. சுரத்தை வளைப்பதைத் தனி நுட்பமாக விளக்கும் பாடங்களையும் தாண்டிச் செல்லலாம். அரைத்துளை பிடித்துக் கமகம் வாசிப்பவருக்கு அது அன்றாட வேலை. நாவுருட்டலும், குரலைச் சேர்த்து ஊதுவதும் மட்டும் எந்தக் குழலிலும் பலிக்கும்.

மூச்சுச் சுழற்சிக்கு எல்லாத் தளங்களும் சொல்லும் பயிற்சி ஒன்றே: தண்ணீர்க் குவளையில் உறிஞ்சுகுழல் இட்டு, கன்னத்தில் தேக்கிய காற்றை வெளியே தள்ளும் கணத்திலேயே மூக்கால் உள்ளிழுக்க வேண்டும். குமிழிகள் அறாமல் வர எனக்கு மூன்று வாரம் பிடித்தது, குழலிலோ இன்னும் சில விநாடிகளைத் தாண்டவில்லை. நாதஸ்வரம் போன்றவற்றில் வாயில் வைத்து ஊதும் சீவாளி தரும் எதிர்த்தடை குழலில் இல்லாததே காரணம். நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் இடைவிடாது சுருதி தரும் 'ஒத்து' என்னும் குழலை ஊதியவர்கள் இதைக் கச்சேரி முழுவதும் செய்தார்கள். சுருதிப்பெட்டி வந்து அவர்களை அப்புறப்படுத்தியிராவிட்டால், இந்தப் பாடத்துக்கு நான் கணினியைத் திறந்திருக்க மாட்டேன்.