என்சி ரோட்டு லப்டொப் கடையும் பழைய யூனிக்ஸ் சண்டையும்

திருகோணமலையில கொம்பியூட்டர் கடைக்குக் குறைவில்ல, ஆனா பழைய மெஷினக் கண்ட உடனே "இது சரிவராது, புதுசு எடுங்க" எண்டு சொல்லாத கடை எண்டா என்சி ரோட்டுல இருக்கிற இந்தச் சின்னக் கடையத்தான் சொல்லுவன். என்ட லப்டொப் ஆறாம் ஜெனரேஷன் ஐ5, ரெம் 8 ஜிபி, வேலைக்கு ஒரு குறையுமில்ல. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது, 11 போடுவம் எண்டா இந்த ப்ரொசெஸர் மைக்ரோசொஃப்ட்காரங்கட லிஸ்ட்லயே இல்ல. டவுன்ல வேற ஒரு இடத்துல மூடியத் திறந்துகூடப் பார்க்காமத் திருப்பித் தந்தவங்க.

கடைக்கார நானா ஹார்ட் டிஸ்க்கக் கழட்டி எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலா இலவசமாக் கிடைக்கிற லினக்ஸ் மின்ட் 22 ஏத்தித் தந்தார், 2029 வரைக்கும் அப்டேட் வரும். ஏத்திக்கொண்டிருக்கக்குள்ளதான் கதை தொடங்கினது. "தம்பி, இந்த லிஸ்ட் விளையாட்டு புதுசில்ல, 87ல யூனிக்ஸ் எண்ட ஒப்பரேட்டிங் சிஸ்டத்த வச்சிருந்த அமெரிக்க டெலிபோன் கொம்பனி ஏடி அண்ட் டி, சன் எண்ட கொம்பியூட்டர் கொம்பனியோட கூட்டுச் சேர்ந்திச்சு, மற்றவனுக்கெல்லாம் வயிறு எரிஞ்சு அடுத்த வருசமே ஐபிஎம், டெக், எச்பி எல்லாம் சேர்ந்து ஓஎஸ்எஃப் எண்டு ஒரு அமைப்பத் தொடங்கிட்டான், உடனே ஏடி அண்ட் டி, சன் பக்கம் யூனிக்ஸ் இன்டர்நேஷனல் எண்டு போட்டி அமைப்பு" எண்டார். ரெண்டு பக்கமும் எல்லாருக்கும் பொதுவான ஸ்டாண்டர்ட் எண்டுதான் பேச்சு, ஆனா ஸ்கிரீன்ல பட்டனும் மெனுவும் எப்படி இருக்கோணும் எண்டதுக்கே ஒருத்தன் மோட்டிஃப், மற்றவன் ஓப்பன் லுக். ஒருமாதிரி 93ல சமாதானமாகி சன்னும் மோட்டிஃப் பக்கம் வந்தா, அதே வருசம் மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் என்டி எண்ட தன்ட புது சிஸ்டத்த இறக்கிட்டுது. பிறகென்ன, அடிபட்ட கூட்டம் பார்த்துக்கொண்டு நிண்டதுதான்.

லினக்ஸ்காரனும் பெரிய திறமில்ல, மின்டுக்கு அடிப்படையான உபுண்டு, சொஃப்ட்வெயார் ஏத்த ஸ்னாப் எண்ட முறைதான் எண்டு நிண்டா மின்ட் 2020லயே அதத் தடுத்து ஃப்ளட்பாக் எண்ட வேற முறையப் பிடிச்சுக்கொண்டுது. இது நானா சொன்னதில்ல, நான் சொல்றன்.

வேலை சுத்தம். என்ட பழைய கடிதமெல்லாம் பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொன்ட்ல அடிச்சது, திறந்தா இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாக் கிடந்திச்சு, நானா தன்ட பென் டிரைவுல இருந்து ஃபொன்ட்ட ஏத்தி, ஒவ்வொரு கடிதமாத் திறந்து காட்டித்தான் காசு வாங்கினார். குறை எண்டா, பில் கேட்டாத்தான் எழுதுவார், எஸ்எஸ்டி வொரண்டிக்கு அது தேவை, கேட்டு வாங்குங்க. என்ட பிரின்டர்ல ஸ்கேன் இன்னும் வேலை செய்யல. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் பூட்டு. அவசரமா நிக்கிற ஆக்களுக்கு இந்தக் கடை சரிவராது, கதை கேக்காம வெளிய வர ஏலாது.

கணக்கு சொஃப்ட்வெயார் விண்டோஸ்லதான் ஓடும் எண்டா குடுக்கக்குள்ளயே சொல்லிப்போடுங்க, ரெண்டையும் போட்டுத் தருவார், ஆனா எஸ்எஸ்டி கொஞ்சம் பெரிசா எடுங்க.